வேறுபாடு: சுழியம்

2058ஆம் ஆண்டு ஏப்ரல் பத்தாம் தேதி நண்பகலில், தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டு உப்பளம் ஒன்றில், பேச்சித்தாய் என்ற தொழிலாளிக்கு வலக்கண் கருவியில் படம் தெரியாமல் போனது.

கங்காணி பேட்டரியை மாற்றிப் பார்த்தார். கண்ணாடிச் சட்டத்தில் படிந்திருந்த உப்பைத் துண்டால் துடைத்துப் பார்த்தார். இரண்டிலும் பயனில்லாமல் போகவே, மிச்சமிருந்த பாத்தியை இடக்கண்ணை வைத்து வாரி முடிக்கச் சொன்னார். பேச்சித்தாய் வாரி முடித்துவிட்டு, மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போனார்.

கண் டாக்டர் முகைதீன் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துச் சோதித்தார். கருவி நன்றாக இருந்தது. பிறகு கண்ணைச் சோதித்தார். அதற்கு வெகுநேரம் பிடித்தது. முடிந்ததும் அவர் ஜெசிந்தா மச்சாதுவை அழைத்து, "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மேடம். போன்ல வேண்டாம்" என்றார்.

ஜெசிந்தா மாவட்ட மூலப்பிரதி நிலையத்தின் தலைவர். அப்படியொரு நிலையம் இப்போது எல்லா மாவட்டங்களிலும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், வெளியிலிருந்து தயாராகக் கட்டி வந்த மென்பொருள் ஒன்றில் யாரோ நஞ்சு கலந்துவிட்டதில், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் முடங்கின. அதன்பிறகு வந்த சட்டம், உடலில் பொருத்தும் எந்தக் கருவியும் அந்தந்த மாவட்டத்திலேயே வைத்துப் படித்துப் பார்த்த மூலநிரலைக் கொண்டுதான் இயங்க வேண்டும் என்றது. தூத்துக்குடியில் அந்த மூலநிரலைப் பாதுகாப்பவர், உலகத்தின் மற்ற பிரதிகளோடு அது ஒத்திருக்கிறதா என்று வாராவாரம் பார்ப்பவர், ஜெசிந்தா.

ஊரில் அவரை எல்லாருக்கும் தெரியும் என்றால் அதற்குக் காரணம் வேறு.

உப்பளத்தின் கண்கூசும் வெளிச்சத்தில் பார்வை போனவர்களுக்கு அரசு கண்கருவி கொடுக்கத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சிறு கேமரா, கண்ணுக்குப் பின்னால் நரம்பின்மேல் ஒட்டிய மெல்லிய தகடு, இரண்டையும் ஓட்டுவதற்கு ஓர் இயங்குதளம். வெளிச்சம் ஓர் அளவைத் தாண்டினால் கருவி தானாக இருண்டுவிடும். மழையும் மேகமுமான நாடுகளில் உட்கார்ந்து யாரோ குறித்த அளவு அது என்று இங்கே எல்லாரும் சொன்னார்கள். வெள்ளை வெளேரென்ற பாத்தியில் முற்பகலிலேயே அந்த அளவு தாண்டிப்போகும். வெயில் சாயும்வரை கருவி விழிக்காது. தொழிலாளர்கள் கைநாட்டு வைத்த மனு ஒன்று ஆட்சியரிடம் போய், அங்கிருந்து ஜெசிந்தாவிடம் வந்தது. அவர் மூலநிரலில் அந்த எண்ணைத் தேடிப்பிடித்து உயர்த்தினார். செய்தது அவ்வளவுதான்.

முள்ளக்காட்டில் பந்தல் போட்டார்கள். திருத்திய முதல் கருவியை மாட்டிக்கொண்டு உச்சிவெயிலில் பாத்திக்குள் இறங்கிய ஒரு பெண், இரண்டு கைகளையும் தூக்கி, "தெரியுது! அம்பாரம் தெரியுது!" என்று கத்தினார். உப்புக் குவியலை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கூட்டம் கைதட்டியது. ஜெசிந்தாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த ஆண்டு மாநில விருது வந்தது. தூத்துக்குடித் திருத்தம் என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. விருதைவிட அந்தக் கூவலைத்தான் ஜெசிந்தா அதிகம் நினைத்துக்கொள்வார். வேலை அலுக்கும் நாட்களில் அது அவருக்குக் காதில் கேட்கும்.

கத்திய பெண் பேச்சித்தாய்.

*

"வலது நரம்பு செத்துப்போச்சு" என்றார் முகைதீன். "இடது பாதி போயிருக்கு. நோயில்ல மேடம். சூடு."

"என்ன சூடு?"

"வெளிச்சம் கூடக்கூடத் தகடு சூடாகியிருக்கு. கொதிக்கிற சூடெல்லாம் இல்ல, கை பொறுக்கிற சூடுதான். நரம்பு பொறுக்காது. கொஞ்சங் கொஞ்சமா, வருஷக்கணக்கா."

"ஒரு கருவியில மட்டும் கோளாறா இருக்கலாம்ல டாக்டர்?"

"இருந்தா நல்லதுதான். போன வருஷம் ரெண்டு பேரு வந்தாங்க. அவங்களும் உப்பளத்துக்காரங்கதான். வயசுன்னு எழுதி அனுப்பிட்டேன்." அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் லட்சணம் அது. இப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கேன். உலகம் பூரா இந்தத் தகட்டை வச்சிருக்காங்க. எழுதுன ஆளுங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சிருந்தா திருத்தியிருப்பாங்க. திருத்தியிருந்தா எங்களுக்கும் வந்திருக்கும்."

"எப்படி வரும்? எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க. நான் வெறும் கண்ணு டாக்டர்."

இதை ஜெசிந்தா பள்ளிக்கூடங்களிலும் ரோட்டரி சங்கத்திலும் பலமுறை சொல்லியிருக்கிறார். "தாய்ப்பிரதின்னு ஒண்ணு இருக்கு டாக்டர். உலகம் பூரா அங்கங்க உக்காந்து கொஞ்சம் பேரு அதைப் பராமரிக்காங்க. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை எங்க பிரதியை அதோட ஒத்துப் பாப்போம். அங்க மாறுனது இங்கயும் மாறும். அங்க இல்லாதது இங்க இருந்தா அழிஞ்சிடும். கடைசியில பலகையில 'வேறுபாடு: சுழியம்'னு வரும். வந்துட்டா ஆபீஸுக்கே நான் மக்ரூன் வாங்கிக் குடுப்பேன்."

"செவ்வாய் தவறாமலா?"

"இந்த ஏழு வருஷத்துல ஒரு வாரம் தவறல."

"எனக்கு ஒரு நாளும் அனுப்பலியே" என்று சிரித்தார் டாக்டர். பிறகு, பேனாவை மூடிக்கொண்டே, "அங்க இல்லாதது அழிஞ்சிடும்னீங்க. அப்ப நம்ம திருத்தம் மட்டும் இத்தன வருஷமா எப்படி அழியாம இருக்கு?" என்று கேட்டார்.

அவர் குறுக்குக் கேள்வியாகக் கேட்கவில்லை. விவரம் தெரியாதவர் விவரத்துக்காகக் கேட்டது. ஜெசிந்தாவின் முகம் காதுவரை சூடேறியது.

"அதுக்கு வேற ஏற்பாடு இருக்கு. பாத்துட்டுச் சொல்லுதேன்."

"சீக்கிரம் பாருங்க. அந்தம்மாவை வீட்ல இருக்கச் சொல்லியிருக்கேன். காரணம் இன்னும் சொல்லல. நீங்க உறுதியாச் சொன்ன பிறகு சொல்லலாம்னு."

வெளியே பெஞ்சில் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கால் நகங்களில் உப்பு வெளுத்திருந்தது. காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினார்.

"இன்சினியரம்மாதான? எங்கண்ணு எப்பச் சரியாவும்?"

"பாக்கேன் அக்கா."

"ஆமா, நீங்களாச்சும் பாருங்க. எனக்குத்தாம் முடியல" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் மருந்துக்குக் காத்திருந்த பெண்ணின் தொடையில் தட்டிச் சிரித்தார்.

*

அந்த வேறு ஏற்பாடு ஒரே ஒரு வரி.

எண்ணை உயர்த்திய முதல் செவ்வாயன்றே, பிரதிகளை ஒத்துப் பார்க்கும் ஒத்திசைவு அதை அழித்துவிட்டுப் பழைய எண்ணை வைத்தது. அடுத்த வாரமும் அப்படியே ஆனது. முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். திருத்தத்தைத் தாய்ப்பிரதிக்காரர்கள் எல்லாரும் படிக்கும் பொதுமடலுக்கு அனுப்ப வேண்டும். ஏன் தேவை என்று எழுத வேண்டும். அவர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ஏற்கும்வரை வாதாட வேண்டும். ஏற்றுவிட்டால் பிறகு அது உலகத்துக்கே சொந்தம். யாரும் அழிக்க மாட்டார்கள். ஜெசிந்தா அதைச் செய்யவில்லை. ஒத்திசைவு நிரலிடம், 'இந்த ஒரு கோப்பைத் தொடாதே' என்று ஒரு விலக்குக் கொடுத்தார். விலக்கிய கோப்பை நிரல் தொடாது. வேறுபாட்டுக் கணக்கிலும் சேர்க்காது. பலகை சுழியம் காட்டியது. மக்ரூன் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் பொதுமடலுக்கு ஒரு சிறிய திருத்தம் அனுப்பியிருந்தார். ஹால்வர் என்ற பராமரிப்பாளர் இரண்டே வாக்கியங்களில் பதில் எழுதினார்: "இது பள்ளிக்கூடம் இல்லை. எழுதக் கற்றுக்கொண்டு வாருங்கள்." அதன் கீழே முன்பின் தெரியாத பதினைந்து இருபது பேர் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜெசிந்தா அன்றே பொதுமடலிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டார். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் அவர் நேராகத் தன் மேசைக்குப் போய், மூலநிரலின் நகல் ஒன்றைத் தனியே எடுத்து, அதற்கு விலக்கு இல்லாமல் ஒத்துப் பார்க்கத் தொடங்கினார். துணைப் பொறியாளர் சந்தனராஜ் எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு வியாழன்தான மேடம்? மக்ரூன் ஆசையா?"

ஜெசிந்தா திரையைக் காட்டினார். சந்தனராஜ் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திரையில் வரிகள் ஓடி நின்றன.

"ஒரே கோப்புதாம் வேறுபடுது. கண்கருவிக் கோப்பு. ஆனா மேடம், நம்ம மாத்துனது ஒரு வரிதான? இது எரநூறு வரிக்கு மேல காட்டுதே."

"அங்க மாறியிருக்கு. குறிப்பைப் படி."

சந்தனராஜ் படித்தார். "தகட்டின் சூட்டை அளந்து, நரம்பு பொறுக்கும் அளவைத் தாண்டாதபடி படத்தை மங்கலாக்கு. தேவையானால் இருட்டாக்கு. அவசரத் திருத்தம். எல்லாப் பிரதிகளும் உடனே எடுத்துக்கொள்ளவும்." தேதியைப் பார்த்தார். "நாலு வருஷம் ஆச்சு. நமக்கு இது வரவே இல்லியே மேடம்?"

"வாரா வாரம் வந்துச்சு. நான் உள்ள விடல."

குறிப்பின் அடியில், திருத்தம் எப்படிப் பிறந்தது என்று காட்டும் பொதுமடல் உரையாடலுக்கு ஒரு சுட்டி இருந்தது. ஜெசிந்தா அதைத் திறந்தார்.

தொடங்கியவர் செனகல் நாட்டில் ஓர் உப்பு ஏரிக் கரையில் பிரதி பராமரிக்கும் உஸ்மான் என்பவர். அவருடைய ஆங்கிலம் தட்டுத்தடுமாறி நடந்தது. என் ஊர் ஆள் கண் மதியம் கறுப்பு ஆகுது. நான் எண் பெரிசு செய்தேன். சரியா. எனக்குப் பயம் இருக்கு. இவ்வளவுதான் கடிதம்.

பதில் எழுதியவர் ஹால்வர். "நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. அந்த எண்ணை ஏன் வைத்தோம் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. அளந்து பார்க்கும்வரை அதை யாருக்கும் பொருத்தாதீர்கள்."

பிறகு வாரக்கணக்கில் அளவீடுகள், சண்டைகள், திருத்தங்கள். உரையாடலின் கடைசியில் ஹால்வர் மறுபடியும் எழுதியிருந்தார்: "உலகில் வேறு எந்தப் பிரதியிலாவது யாராவது இந்த எண்ணை மாற்றியிருக்கிறீர்களா? இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். யார்மீதும் பழி இல்லை. கருவி மாட்டியிருப்பவர்களைக் காப்பாற்ற வேண்டும்."

அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.

சந்தனராஜும் சேர்ந்துதான் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்தபின் அவர் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பாமல், மேசைமேல் இருந்த பேனா ஒன்றை எடுத்து நேராக வைத்தார்.

"டீ சொல்லட்டா மேடம்?"

*

மறுநாள் ஜெசிந்தா சென்னையில் இருக்கும் இயக்குநர் வைத்தீஸ்வரனிடம் பேசினார். இயக்குநர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை விலக்கை எடுத்துடுங்க. ஒத்திசைவு நடக்கும், புதுக் கோப்பு வந்துடும். வழக்கமா வர்ற மாற்றம். அவ்வளவுதானே?"

"அதுக்கப்புறம் மத்தியானம் கண்ணு இருட்டும் சார். ஏன்னு கேப்பாங்க."

"புதுப் பதிப்புன்னு சொல்லுங்க."

"பழசையே குடுன்னு கேப்பாங்க. போன தடவ கேட்ட மாதிரியே."

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், இன்னும் ரெண்டு மாவட்டம் தாய்ப்பிரதியிலேர்ந்து எடுக்கறதில்ல, உங்ககிட்டேர்ந்து எடுக்கறாங்க. தெரியுமில்ல? விருது வந்த கையோட, தூத்துக்குடிப் பிரதியைப் பின்பற்றுங்கன்னு சுற்றறிக்கை அனுப்பினோம். கையெழுத்து என்னுது. எனக்கு சர்வீஸ் ஒண்ணரை வருஷம் இருக்கு."

"சரி சார்."

"செவ்வாய்க்கிழமை தானா எல்லா எடத்துலயும் சரியாயிடும். யாரும் கெட்டவங்க இல்ல இதுல. ஊரைக் கூட்டி யாருக்கு என்ன லாபம்? போன கண்ணு வரப்போறதில்ல."

ஜெசிந்தாவுக்கு அதைக் கேட்டபோது முதலில் வந்தது கோபம் இல்லை. ஆறுதல். போனை வைத்தபின் அதே ஆறுதலோடு உட்கார்ந்து அவர் ஓர் அறிவிப்பை எழுதத் தொடங்கினார். 'தொழில்நுட்பக் காரணங்களை முன்னிட்டு' என்று ஆரம்பித்தது அது. யார் என்ன செய்தார் என்பதே வராமல் ஒரு பக்கம் எழுத முடிந்தது அவருக்கே வியப்பாக இருந்தது. மாலையில் டாக்டர் முகைதீன் இருமுறை அழைத்தார். ஜெசிந்தா எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை பேச்சித்தாயைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனார். பூட்டியிருந்தது. அடுத்த வீட்டுக்காரர், "அளத்துக்குப் போயிட்டாவளே. நேத்தும் போனாவ" என்றார்.

ஜெசிந்தா அங்கே போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. பாத்திகள் கண்ணைத் திறக்க முடியாதபடி ஒளிர்ந்தன. கங்காணி குடையோடு ஓடி வந்தார்.

"இன்சினியரம்மா! சொல்லி அனுப்பியிருந்தா கார் அனுப்பியிருப்பேன். கலர் சோடா குடிக்கியளா?"

"பேச்சித்தாய் எங்க?"

"அந்தா நிக்கால்லா. ஒத்தக் கண்ணுதாம், ஆனா ரெண்டாளு வேலை பாப்பா."

பேச்சித்தாய் வரப்போரம் உப்பை வாரி ஒதுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சட்டத்தின் இடப்பக்கத்துச் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வியாழன் பகலில் ஜெசிந்தாவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. இன்று சனி. இடையில் ஒரு முழு வெள்ளிக்கிழமை இந்த விளக்கு இப்படி எரிந்திருக்கிறது.

"டாக்டர் வீட்ல இருக்கச் சொன்னாரே அக்கா?"

"டாக்டரா வந்து உப்பு வாருவாரு?"

"கண்ணாடியைக் கழட்டுங்க."

"கழட்டுனா ஒண்ணுந் தெரியாதும்மா."

"தெரிய வேண்டாம். கழட்டுங்க அக்கா."

குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காகப் பேச்சித்தாய் கழற்றினார். ஜெசிந்தா அவர் கையைப் பிடித்து ஓலைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கங்காணி குடையோடு பின்னால் வர, அவரைப் போகச் சொன்னார்.

வழியெல்லாம் அவர் கோத்து வைத்திருந்த சொற்கள் அங்கே உதவவில்லை. "அந்தக் கருவி உங்க கண்ணைச் சுட்டிருக்கு அக்கா" என்றார். "நான் அதுல ஒரு எண்ணை மாத்தினேன்ல, அதனால. சுடாம இருக்க வழி நாலு வருஷம் முன்னாலயே வந்துச்சு. நான் அதை உள்ள விடல."

பேச்சித்தாயின் முகம் ஜெசிந்தா இருந்த திசைக்குச் சற்றுத் தள்ளி, கொட்டகைக் காலைப் பார்த்தபடி இருந்தது.

"ஏம்?"

"விட்டா நான் செஞ்சது அழிஞ்சிடும்."

"அதுக்கா?"

"மொதல்லயே அவங்ககிட்டக் கேட்டிருக்கணும். கேட்டா சிரிப்பாங்கன்னு கேக்கல."

"யாரு சிரிப்பா?"

"வெளிநாட்டுக்காரங்க. இதை எழுதுறவங்க."

"அவியள உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

பேச்சித்தாய் இதை மெதுவாக மனதில் வாங்கினார். "மொகந் தெரியாதவன் சிரிப்பாம்னு எங்கண்ணு போச்சாக்கும்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சரிபார்ப்பதுபோல் சொன்னார்.

"ஆமா அக்கா."

"மத்தவுகளுக்கு?"

"அவங்களுக்கும்தான்."

வெளியே இரும்புச் சட்டி ஒன்று விழுந்து உருளும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ திட்டினார்கள். ஜெசிந்தாவுக்குத் தான் அழுதுவிடக் கூடாது என்ற ஒன்றுதான் அப்போது குறியாக இருந்தது. அழுதால் பேச்சித்தாய் தேற்ற வேண்டிவரும்.

"அன்னைக்குப் பாத்திக்குள்ள எறங்கி 'தெரியுது'ன்னு கத்தினீங்கள்ல அக்கா" என்றார். "நல்லதுதான் செஞ்சிருக்கோம்னு அதை வச்சுத்தான் இத்தன நாளும்…"

"அதா?" பேச்சித்தாய் தலையைத் தூக்கினார். "அது கங்காணி கத்தச் சொன்னதுல்லா. ரெண்டு கையையும் தூக்கிக் கத்து, அப்பத்தாம் போட்டாவுல நல்லா விழும்னாரு. எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையாத்தாம் இருந்துச்சு. அம்பாரமாவது ஒண்ணாவது. பொறவு பழகிட்டு."

"அப்ப மனு?"

"மனு மொதலாளிமாரு எழுதினது. வைக்கச் சொன்ன எடத்துல கைநாட்டு வச்சோம்." அவர் குரலில் திடீரென்று ஒரு குறும்பு ஏறியது. "அதுக்கு முன்னால எப்படி இருப்போம் தெரியுமா? பதினோரு மணிக்குக் கண்ணு இருட்டிப்போவும். இந்தக் கொட்டகையிலதாம் எல்லாரும் வந்து விழுவோம். சோறு திங்க, ஊர்க்கதை பேச, ஒரு தூக்கம் போட. கங்காணி வந்து நிப்பாரு, பல்லைக் கடிப்பாரு, ஒண்ணுஞ் சொல்ல முடியாது. அரசாங்கத்துக் கண்ணுல்லா இருட்டிக் கெடக்கு! நாங்க என்ன செய்ய?" சிரித்தார். சிரிப்பு நின்றபின், "மொதலாளிமாருக்கு அது பொறுக்கல. நீங்க வந்து சரிபண்ணிட்டிய" என்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"நீங்க எங்ககிட்ட எங்க கேட்டிய? பொன்னாடையப் போத்திக்கிட்டு அம்புட்டு சந்தோசமா நின்னிய. எப்படிச் சொல்ல?"

பேச்சித்தாய் மடியிலிருந்த கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு அதை ஜெசிந்தாவின் பக்கம் நீட்டினார். "இதை நீங்களே வச்சுக்கிடுங்க. சுடாததா ஆனப்பொறவு கொண்டாங்க. வீடு வரைக்கும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க, பாதை தெரியாது."

*

திங்கட்கிழமை ஜெசிந்தா இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று தமிழில், எல்லா உப்பளங்களிலும் ஒட்டுவதற்கும் வாசித்துக் காட்டுவதற்கும். அதில் யார் என்ன செய்தார் என்று இருந்தது. ஜெசிந்தாவின் பெயர் இருந்தது. புதிய பதிப்பு ஏறும்வரை எந்தக் கருவியையும் வெயிலில் மாட்டக் கூடாது என்றும், பழைய பதிப்பை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்றும் இருந்தது. மற்றொன்று பொதுமடலுக்கு, ஆங்கிலத்தில், நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹால்வர் கேட்டிருந்த கேள்விக்குக் கீழே. சந்தனராஜ், "நான் ஒருதடவ படிச்சுப் பாக்கட்டா மேடம்?" என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லி, எழுதியபடியே அனுப்பினார்.

ஒரு மணி நேரத்தில் ஹால்வரிடமிருந்து பதில் வந்தது. "நன்றி. எத்தனை பேர்?"

அந்தக் கணக்கை அதுவரை யாரும் எடுத்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விலக்கு நீக்கப்பட்டு ஒத்திசைவு நடந்தது. பலகை சுழியம் காட்டியது. யாரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மே மாதம் நடந்த மருத்துவ முகாமில், கண்கருவி மாட்டிய உப்பளத் தொழிலாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நரம்பு கெட்டிருப்பதை டாக்டர் முகைதீன் கண்டார். அவர் தன்னுடைய பழைய இரண்டு நோயாளிகளின் சீட்டுகளையும் திருத்தி எழுதினார். ஜெசிந்தா தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். விசாரணை நடக்கிறது. இயக்குநரின் சுற்றறிக்கை பற்றி விசாரணையில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

பேச்சித்தாய்க்கு வலக்கண் தெரியாது. இடக்கண்ணில் ஆள் வருவது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. முள்ளக்காட்டில் முற்பகல் பதினோரு மணிவாக்கில் கருவிகள் இருண்டுவிடுகின்றன; தொழிலாளர்கள் கொட்டகையில் உட்கார்கிறார்கள். பழைய பதிப்பைக் கேட்டுக் கங்காணி ஒரு மனு கொண்டுவந்தார். அதில் யாரும் கைநாட்டு வைக்கவில்லை.

தூத்துக்குடிப் பிரதியைப் பின்பற்றிவந்த இரண்டு மாவட்டங்களில் ஒன்று புதிய கோப்பை எடுத்துக்கொண்டது. மற்றது, உப்பள உரிமையாளர்களின் கோரிக்கையை ஏற்று, அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது. அங்கே செவ்வாய்தோறும் பலகையில் வேறுபாடு சுழியம் என்று வருகிறது.